இவனுக்கு எங்கே புரியப்போகுது

இன்னும் நான்கு பேர். நான்கு பேரும் எனக்குப் பின்னால் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அடுத்துக் குதிக்க வேண்டிய மஞ்சள் பனியன்காரரின் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இறுக்குகிறேன். "டூ டைட், டூ டைட்" என்கிறார். இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் ஐயா, இருபதடி விழுகிற வேகத்தில் ஜாக்கெட் மேலே ஏறித் தாடையில் அடித்தால் நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள் என்று தமிழில் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு "குட் சேர், வெரி குட்" என்கிறேன். காலையிலிருந்து விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறேன். இந்த அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும், ஆனால் இவர்கள் பேசுவது மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்கிறது, கேட்கக்கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் துல்லியமாகக் கேட்கிறது. தாராபுரம் பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார், மொத்தம் எட்டுப் பேர். சொன்ன அளவுக்குப் பெயிண்ட் விற்றுக் கொடுத்ததற்குப் பரிசாகக் கம்பெனி இலங்கைக்குக் கூட்டி வந்திருக்கிறதாம். நேற்றுக் கண்டி, நாளைக்குக் கொழும்பு, நடுவில் ஒரு நாள் இங்கே கித்துல்கலவில் கேன்யனிங். மலையிலிருந்து இறங்குகிற ஓடை எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாகவே ஆளும் இறங்கிப் போவது, வழுக்குகிற இடத்தில் வழுக்கி, விழுகிற இடத்தில் விழுந்து, அதுதான் கேன்யனிங். கூட்டிப் போவது எங்கள் வேலை. கீழே தடாகத்தில் ருவன் நிற்கிறான், மேலே நான். ஒவ்வொருவராக அனுப்புவேன், அவன் பிடித்துக் கரையில் ஏற்றிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் வளையமாக வளைத்துக் காட்டுவான், ஆள் பத்திரம் என்று அர்த்தம், அதன் பிறகுதான் அடுத்த ஆள். "கையை நெஞ்சில் கட்டுங்கள், கீழே பார்க்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி "ஒன், டூ, த்ரீ" எண்ணுகிறேன். மஞ்சள் பனியன் "முருகா" என்று கத்திக்கொண்டே போகிறார். முருகா எனக்கும் புரியும் ஐயா. முருகன் உங்கள் ஊர்ச் சொத்தா என்ன?

வளையம் தெரிகிறது. ஆள் பத்திரம். இன்னும் மூன்று பேர். நீலத் தொப்பி போட்ட அம்மா, அவருக்குப் பின்னால் சென்னியப்பன், கடைசியில் சென்னியப்பனின் மனைவி தமயந்தி. பெயர்களெல்லாம் எனக்குத் தெரியும், காலையில் எல்லாரிடமும் படிவம் வாங்கி அடுக்கியவன் நான். என் பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது. சட்டையில் ரிக்கி என்று குத்தியிருக்கிறது. யோகேஸ்வரன் என்றால் வருகிற வெள்ளைக்காரனுக்கு வாயில் நுழையாது என்று எங்கள் முதலாளி பொஸ் வைத்த பெயர். ருவனுக்கு மட்டும் ருவன் என்றே குத்தியிருக்கிறது, அந்தப் பெயர் எல்லார் வாயிலும் நுழைந்துவிடுகிறது. ஆறு வருடமாக இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இருக்கிறேன், கேட்டால் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும், "சின்ன விசயம் மச்சான்" என்பார்கள். சின்ன விசயம். எல்லாம் சின்ன விசயம்தான். தமிழ் ஆட்கள் வந்தால் நான் இரண்டாவது நிமிடமே வணக்கம் சொல்லிவிடுவேன், அவர்களுக்கும் சந்தோசம், "அட, நம்ம பையன்" என்பார்கள், சோற்றுக்கு எங்கே போகலாம், எது உறைக்கும் எது உறைக்காது என்று கேட்பார்கள், திரும்பிப் போகும்போது கையைப் பிடித்துக்கொள்வார்கள். இன்றைக்கும் சொல்லத்தான் இருந்தேன். வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து, வார் அறுந்துபோன ஒரு ஹெல்மட்டுக்குப் புது வார் கோர்த்துக்கொண்டிருந்தேன், கோர்த்து முடித்துத் திரும்பி வணக்கம் சொல்லலாம் என்று. அதற்குள் நல்லசிவம் என்பவர், அந்தக் கூட்டத்தில் பெரிய கடைக்காரர்போல, எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், அவர் கேட்டார், "ஏனப்பா, இங்க தோட்டத்துல வேல செய்யறவங்கெல்லாம் தமிழ்க்காரங்களாமா?" சென்னியப்பன்தான் பதில் சொன்னார். "தமிழ்க்காரங்கன்னா எந்தத் தமிழ்க்காரங்க? தாது வருசப் பஞ்சத்துல கஞ்சிக்கு வழியில்லாம கப்பலேறுன கூட்டம். காடு கழனி இருந்தவன் எவனாச்சும் வந்திருப்பானா? இங்க வந்ததெல்லாம் எந்தக் கூட்டம்னு நமக்குத் தெரியாதா?" எல்லாரும் சிரித்தார்கள். என் கை வாரோடு நின்றுவிட்டது. அத்தோடு விட்டாரா? "இந்த ரிக்கியப் பாருங்க, சிங்களவனாட்டவா இருக்கறான்? நம்ம பண்ணையத்துல சாணி வழிக்கற மாரனாட்டவே அச்சு அசலா இருக்கறான்." மறுபடி சிரிப்பு. "ஏனுங்க, சும்மா இருங்க, காதுல விழுகப்போகுது" என்று அவர் மனைவி சொன்னது கேட்டது. "விழுந்தா? இவனுக்கு எங்க புரியப்போகுது?"

புரிந்தது. புரிந்ததால்தான் திரும்பவில்லை. திரும்பி "ஐயா, எனக்குத் தமிழ் தெரியும்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நிமிடம் அசடு வழிவார்கள். "தமாசுக்குச் சொன்னமப்பா" என்பார்கள். தோளில் தட்டுவார்கள். அத்தோடு முடிந்துபோயிருக்கும், நானும் சிரித்திருப்பேன், சிரித்துத் தொலைத்திருப்பேன், என் முகம் எனக்குத் தெரியாதா? அந்தச் சிரிப்பைக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். பேசட்டும். இன்னும் என்னென்ன பேசுகிறார்கள் என்று பார்க்கிறேன். பேசப் பேச நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், கடைசியில் வேன் கதவைச் சாத்தும்போது நல்ல தமிழில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வேன், ஊர் போய்ச் சேரும்வரை தூக்கம் வரக்கூடாது. அந்த வாக்கியத்தைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பாறையிலும் ஒரு சொல்லை மாற்றுகிறேன். என் அம்மா முப்பத்தொரு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவள், நாளைக்கு முந்நூறு மரம், வாளி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியே போய்விட்டது, அதை அந்த வாக்கியத்தில் சேர்க்கலாமா, சேர்த்தால் பரிதாபமாக ஆகிவிடுமா, பரிதாபம் வேண்டாம், ஐயா உங்கள் மாரனுக்கும் தமிழ் புரியும் என்று மட்டும் சொல்லலாமா, இல்லை மாரனை எதற்கு இழுக்க வேண்டும், அந்த மனுசன் யாரோ, அவரைப்போல இருக்கிறேன் என்பதில் எனக்கு என்ன கோபம், சாணி வழிக்கிறவனைப்போல இருந்தால் கேவலம் என்று நானும்தான் நினைக்கிறேனா, இதோ, இதுதான், என்னையே எனக்கு எதிராக ஆக்கிவிடுகிறார்கள், ஒன்பது மணிக்கு வேனில் ஏறி பத்து மணிக்குள் இவ்வளவும் செய்துவிட்டார்கள், அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

நீலத் தொப்பி அம்மா விளிம்புக்கு வந்துவிட்டு இரண்டு அடி பின்னால் போகிறார். "நோ, நோ" என்கிறார். பரவாயில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், நடந்து போகவும் வழி இருக்கிறது என்று சைகையால் காட்டுகிறேன், வலது பக்கம் காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை, பத்து நிமிடத்தில் கீழே போய்விடலாம். அவர் நடக்கவும் மாட்டேன் என்கிறார், கீழே அவர் வீட்டுக்காரர் கை தட்டிக் கூப்பிடுகிறார். நல்லது. நிற்கட்டும். எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு நேரம் சென்னியப்பன் முறை வராது. இப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது, வாக்கியத்தைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதற்கு அடியில் வேறு ஒன்றைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இரண்டாவது தடாகத்தில் வைத்து, தமயந்தி அம்மா அவரிடம் சொன்னார், நான் ஒரு முழத் தூரத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, நான் சொல்றதக் கேளுங்க. தை மாசம் கடையில விழுந்தது மறந்துபோச்சுங்களா? கையும் காலும் இழுத்துட்டு, வாயில நொர தள்ளி, டப்பாவெல்லாம் மேல சரிஞ்சு... டாக்டரு என்ன சொன்னாரு? வண்டி ஓட்டக்கூடாது, தண்ணியில எறங்கவே கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?" எவ்வளவு சத்தமாகச் சொன்னார்! இவர்கள் ஊரில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் பேசுவார்கள்போல என்று எனக்கு எரிச்சல் வந்தது. சென்னியப்பன் பல்லைக் கடித்தார். "மெதுவாப் பேசு. நல்லசிவத்துக்குக் கேட்டுரும்." "இந்தத் தம்பிக்கும்தான் கேக்குது." "இவனுக்குக் கேட்டா என்ன, மாட்டுக்குக் கேட்டா என்ன?" மாடு. கயிற்றைச் சுற்றி முடித்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். படிவத்தில் நான்கு கேள்விகள், நெஞ்சு வலி, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம். நான்கிலும் 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாகச் சரி போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தந்தவர் இந்த ஆள். மாட்டிடம் என்ன கேள்வி? கையெழுத்துப் போட்டாயிற்று. பொய் சொன்னது அவர், பொறுப்பும் அவர். இப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொண்டே அவருடைய ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் தடாகத்தைக் கடத்திவிட்டேன். என் கை அவரைப் பிடித்தது, என் வாய் பிடிக்கவில்லை.

ஜெயசீலன் அண்ணனுக்கும் அப்படித்தான் வரும். தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா, அடுத்த வீடு. ஒரே கூரைக்குக் கீழே பத்துக் காம்பரா, நடுவில் சுவர் என்று பெயருக்கு ஒன்று, அவர் விழுந்தால் எங்கள் பக்கம் தட்டுமுட்டுச் சாமான் அதிரும், அம்மா சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவாள், இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, எல்லாரும் ஏன் சுற்றி நிற்கிறீர்கள் என்று கேட்பதுபோலப் பார்ப்பார். நாங்கள் பிள்ளைகள் அவர் மாதிரி விழுந்து விழுந்து காட்டிச் சிரிப்போம். ஒரு நாள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவ ஓடைக்குப் போனார். முழங்கால் தண்ணி. முழங்கால்கூட இல்லை. குனிந்தவர் அப்படியே முகம் குப்புற விழுந்திருக்கிறார், கரையில் கொண்டுவந்து கிடத்தியபோது முன்கை மயிரில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது, அதை யாரோ ஒரு கிழவர் நூல் நூலாக உரித்துக்கொண்டே அழுதார். முழங்கால் தண்ணி. இங்கே கீழே பன்னிரண்டு அடி ஆழம், விழுகிற அருவி ஆளைப் பாறைப் பக்கம் இழுக்கும், ஜாக்கெட் மிதக்க வைக்கும், ஆனால் முகத்தை மேலே வைக்குமா? வாய் கட்டிக்கொண்டு, கை முறுக்கிக்கொண்டு, மூச்சு எடுக்கிற நேரத்தில் தண்ணீரை எடுத்தால், ருவன் நீந்திப் போய்ச் சேர எத்தனை நொடி? ருவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிங்களத்தில் ஒரு வார்த்தை, இந்த ஆளுக்கு வலிப்பு இருக்கிறது மச்சான் என்று. இரண்டாவது தடாகத்தில் அவன் முன்னால் போய்விட்டான். அடுத்து வந்த பாறைச் சறுக்கலில் அவன் கீழே நின்றான், சத்தம். இங்கே வந்ததும் அவன்தான் முதலில் குதித்தான். சொல்ல நேரமில்லை. நேரமில்லையா? சறுக்கலில் வைத்து அந்த அம்மா மறுபடி சொன்னாரே, "டாக்டரு சீட்டு போன்லயே வெச்சிருக்கறன், வேன்ல இருக்குது, எடுத்துக் காட்டட்டுங்களா?" என்று, "காட்டு, நல்லாக் காட்டி எம் மானத்த வாங்கு" என்று இந்த ஆள் சீறினாரே, அப்போது அந்த அம்மாவின் முகம் அவர் பக்கம் இல்லை, என் பக்கம் இருந்தது. நான் பாறையைப் பார்த்தேன். பாசி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு நொடி, ஒரே நொடிதான், போகட்டும் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கட்டும். பஞ்சத்தில் கப்பலேறின கூட்டத்துப் பயல் கையால் இழுத்துக் கரை சேர்க்கிற நிலைமை வரட்டும். நினைத்தேன். இல்லை என்று சொல்ல முடியாது.

நீலத் தொப்பி அம்மா திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு, நான் எண்ணவே இல்லை, குதித்துவிட்டார். கீழே எல்லாரும் ஆரவாரம் செய்கிறார்கள். வளையத்துக்காகக் காத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் அந்த அம்மாவின் குரல். மூன்றாவது முறை. "வேண்டாமுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறன். ரெண்டு நாளா மாத்தர வேற சரியாப் போடல. இங்கிருந்து விழுந்து தண்ணிக்குள்ள இழுத்துச்சுன்னா யாருங்க தூக்குவா?" சத்தமாகச் சொல்கிறார், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறார், தோட்டத்தில் காலையில் கிளாக்கர் ஆட்களைப் பெயர் கூப்பிடுவதுபோல. வளையம் தெரிகிறது. சென்னியப்பன் மனைவியைத் தள்ளிக்கொண்டு விளிம்புக்கு வருகிறார். ஈரத்தில் ஒட்டிய மீசை, வெள்ளை மயிர் நெஞ்சு, ஜாக்கெட்டின் நடுவார் மாட்டாமல் தொங்குகிறது. நான் குனிந்து அந்த வாரை மாட்ட வேண்டும். மாட்டவில்லை. என் கை அவருக்குக் குறுக்கே போய் நிற்கிறது. "நோ சேர். யூ வாக்." வலது பக்கப் பாதையைக் காட்டுகிறேன். "வொய் வாக்? ஆல் ஜம்ப், வொய் மீ வாக்?" கீழேயிருந்து நல்லசிவத்தின் குரல் பாறையில் முட்டி மேலே வருகிறது, "என்ன சென்னியப்பா, காலு நடுங்குதா?" சிரிப்பு. சென்னியப்பனின் கழுத்து சிவக்கிறது. "தள்றா அக்கட்டால" என்று என் கையைத் தட்டிவிடுகிறார், காலை விளிம்பில் வைக்கிறார், அந்த இடத்தில் பாசி. நான் அவருடைய ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாறையோடு சேர்த்து வைத்துவிட்டுச் சொல்கிறேன், "தை மாசம் கடையில விழுந்தீங்க. மாத்திரையும் ஒழுங்காப் போடல. உங்கள நான் குதிக்க விடமாட்டேன்."

எவ்வளவு நேரமாகச் செய்து வைத்திருந்த வாக்கியம், அதில் ஒரு சொல்கூட இதில் இல்லை. அவர் என்னையே பார்க்கிறார். என் வாயையே பார்க்கிறார், அதிலிருந்து தமிழ் வந்ததை நம்பாதவர்போல. முகத்தில் வெட்கம் வரும் என்று நான் காத்திருந்தேன், காலையிலிருந்து அதற்குத்தானே காத்திருந்தேன், வரவில்லை, கோபம்தான் வந்தது. "தமிழா நீ? இத்தன நேரம் ஊமையாட்ட நின்னு ஒட்டுக் கேட்டுட்டு இருந்தயா? எங்க பொண்டு புள்ளைக பேசறதெல்லாம் கேட்டுட்டு இருந்தயா? உன்னயெல்லாம்... உங்க மேனேஜரு யாரு? வரட்டும், உன்ன வேலைய விட்டே தூக்கறன் பாரு." பார்த்தீர்களா? குற்றவாளி நான். மாரன் மாதிரி இருக்கிறான் என்று சொன்னவர் இல்லை, கேட்டவன் குற்றவாளி. பொய்யில் கையெழுத்துப் போட்டவர் இல்லை, படித்தவன் குற்றவாளி. பிடியை விடவில்லை. "தூக்குங்க சேர். கீழ போனதும் தூக்குங்க. இப்ப நடங்க" என்கிறேன். இன்னும் சொல்லியிருப்பேன், இப்போது வருகிறது, எல்லாம் வரிசையாக வருகிறது, கஞ்சி, கப்பல், சாணி, மாடு, ஒவ்வொன்றாக எடுத்து அவர் முகத்தில் எறியலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் தமயந்தி அம்மா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்துவிட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிடுவார், வேண்டாம்மா என்று நான் சொல்வேன், இப்படியெல்லாம் அரை நொடியில் நினைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒன்றும் இல்லை.

"உங்களுக்குத் தமிழ் தெரியும்னு எனக்கு வேன்லயே தெரியுமுங்க" என்றார். "இவரு அந்தப் பேச்சுப் பேசுனப்ப உங்க கை அப்படியே நின்னுபோச்சு. பாத்துட்டுத்தான் இருந்தன். அதனாலதான் மூணு எடத்துலயும் சத்தம் போட்டுச் சொன்னன். அவருகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது, அவரு கேக்கற ஆளா? உங்க காதுல விழுகோணும்னுதான் சொன்னன். நீங்க ஒவ்வொரு தடவையும் மூஞ்சியத் திருப்பிட்டு நின்னீங்க." நான் ஏதோ சொல்லப் பார்த்தேன், அம்மா, அவர் பேசினது... "அவரு பேசுனது தப்புதானுங்க. நான் இல்லீங்கல. அதுக்காக? சறுக்கற எடத்துல இவரு தல தண்ணிக்குள்ள போச்சே, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? மனசுக்குள்ள உங்களத்தானுங்க வைஞ்சன். இவர வையல." அருவி கொட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்களே என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வருகிறது, எட்டுப் பேர் நடுவில், புருசனுக்கு முன்னால், நல்லசிவத்தின் காதுக்கு எட்டுகிற தூரத்தில் எப்படிச் சொல்வார் என்ற பதிலும் கூடவே வருகிறது. அவர் ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார். மூன்று முறை சொன்னார். எனக்கு ஒரு வாக்கியம் செய்கிற வேலை இருந்தது. கோபம் போகவில்லை, அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை, சென்னியப்பன் மேல் வைத்தால் பாதி என் மேல் வழிகிறது, இது அநியாயம், என்னைச் சொன்னது நியாயமா, நியாயம்தான், நியாயமாக இருப்பதுதான் பெரிய அநியாயம்.

சென்னியப்பன் பாறையில் உட்கார்ந்துவிட்டார். கீழே கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ருவன் விசில் ஊதுகிறான், என்ன தாமதம் என்று கேட்கிற இரண்டு ஊதல். அந்த அம்மாவைத் தனியாக மேலே விட்டுவிட்டு இவரைக் கூட்டிப் போக முடியாது, இவரைத் தனியாக விடவே முடியாது. "மூணு பேரும் நடந்து போயிருவோம்மா" என்றேன். அந்த அம்மா எட்டிக் கீழே பார்த்தார். "குதிச்சா அடி படுமுங்களா?" "கையக் கட்டிக்கிட்டு நேரா விழுந்தா ஒண்ணும் ஆகாது." "அப்ப நான் குதிக்கறன். நீங்க அவரப் பாத்துக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் நடந்து வந்தா எனக்காக வந்ததா அவரு கீழ சொல்லிப்போடுவாரு." சொல்லும்போது சிரிப்பு இல்லை. நான் குனிந்து அவருடைய ஜாக்கெட் வார்களை ஒவ்வொன்றாக இறுக்கினேன், தாலிக்கொடியை உள்ளே தள்ளிவிடச் சொன்னேன், தாடைப் பட்டியைச் சரி பார்த்தேன். எல்லாம் தமிழில் சொன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. முருகா என்று கத்தவில்லை, எதையும் கத்தவில்லை, நேராகப் போனார், தண்ணீர் மூடியது, ஹெல்மட் மேலே வந்தது, ருவனின் கைகள் வளையமாயின.

பாதையில் எங்கும் ஈரச் சருகு, அட்டை, வேர். அவரை முன்னால் விட்டால் விழுந்தால் பிடிக்க முடியாது, பின்னால் விட்டால் தெரியாது, அதனால் நான் ஒரு அடி முன்னால் இறங்கி, "என் தோளப் பிடிச்சுக்குங்க" என்றேன். பிடிக்கவில்லை. பத்து அடியில் ஒரு முறை வழுக்கியது, பிடித்துக்கொண்டார். கனமான கை. அவர் மூச்சு வாங்குவது என் காதுக்குப் பின்னால் கேட்டது, அது சரியான மூச்சுதானா என்று கவனித்துக்கொண்டே நடந்தேன், எனக்கே ஆத்திரமாக இருந்தது, இவர் மூச்சை நான் ஏன் எண்ண வேண்டும், எண்ணினேன். பிறகு அவர் சொன்னார், "நல்லசிவத்துகிட்டச் சொல்லிப்போடாத." குறுக்கே கிடந்த கிளையை விலக்கிப் பிடித்தேன். "அவன் பையனுக்கு எம் மகளக் கேட்டிருக்கறாங்க. பேச்சு நடந்துட்டிருக்குது. அப்பனுக்கு இழுப்புன்னு தெரிஞ்சா புள்ளைக்கும் வருமோன்னுதான் பாப்பாங்க. விட்டுருவாங்க." குரலில் அதட்டல் இல்லை. ஒரு நிமிடம், கோபத்துக்கு நடுவே, முகம் தெரியாத அந்தப் பெண் வந்து நின்றாள், இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பாள், அப்பா இருபதடியிலிருந்து குதித்துத் தனக்கு மாப்பிள்ளை பிடிக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. இது முட்டாள்தனம். ஆனால் வெறும் திமிர் இல்லை. வெறும் திமிராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். "ஜாக்கெட் வார் அறுந்துபோச்சு, அதுனால நான்தான் விடலன்னு சொல்லிக்கிறேன்" என்றேன். "ஆனா இனிமே இன்னைக்குத் தண்ணியில எறங்கக்கூடாது. நேரா வேனுக்கு." "செரி" என்றார். தோளில் இருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் ஒரு வளைவு. மரங்களுக்கு நடுவே கீழே தடாகமும் நிறம் நிறமான ஹெல்மட்டுகளும் தெரிந்தன. "தம்பி" என்றார். முதல் முறையாகத் தம்பி. மரியாதையாகவே கேட்டார், பிரியமாகவேகூடக் கேட்டார். "உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கமுங்க? நம்மூருப் பக்கந்தானா? உங்க ஆளுக எந்த ஊருல இருந்து வந்தவங்க?" ஊரைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார், தெருவைச் சொன்னால் மற்றதை அவரே சொல்லிக்கொள்வார், அதன் பிறகு இந்தக் கையைத் தோளில் வைக்கலாமா எடுக்கலாமா என்று முடிவு செய்வார். எதிரில் பாதை செங்குத்தாக இறங்கியது, நடுவில் ஒரு கல், பச்சையாக, பளபளவென்று.

"எடது கால முதல்ல வைங்க சேர்" என்றேன். "அந்தக் கல்லுல வைக்காதீங்க. வழுக்கும்."